பேட்டரி வண்டியில் டிஸ்க் பிரேக் கத்தினால், உதறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சேலத்தில் பேட்டரி ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் பிரேக் பற்றிக் கொண்டுவரும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டி கத்தும். ஏற்காடு ஏறி இறங்குகிற வண்டி உதறும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்று. ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் ரீஜென் மூலம் (சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்புவது) வேகத்தைக் குறைத்துவிடுகிறது. டிஸ்க்குக்கு வேலையே இல்லை, துருவும் தூசியும் சேர்கின்றன. அதே வண்டி ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கும்போது, கியரைக் குறைத்து இன்ஜினால் பிடித்து இறக்க வழியில்லாததால், பெரும்பகுதிச் சுமை அந்தச் சின்ன டிஸ்க்கின் மேல் விழுகிறது. கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி சும்மா இருந்து கெட்டதா, அதிகம் உழைத்துக் கெட்டதா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இது முன்சக்கரத்தில் டிஸ்க், லிவரில் பிரேக் ஆயில் உள்ள சாதாரண ஸ்கூட்டர்களை வைத்து எழுதியது. பேட்டரி சைக்கிளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஒரே எச்சரிக்கை: சைக்கிள் பிரேக்குகள் பலவற்றில் மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஸ்கூட்டருக்கு ஊற்றும் டாட் 4 ஆயிலை அதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

## கை வைப்பதற்கு முன்

சாவியை அணைத்து, எடுத்துப் பையில் போடுங்கள். பேட்டரி வண்டி ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆக்சிலரேட்டரில் கை பட்டால் சக்கரம் சுற்றிவிடும். ஓட்டி வந்தவுடன் டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

தேவையானவை: டார்ச், எல்லன் கீ செட், ஸ்பேனர் செட், புது பனியன் துணி, நடுத்தர எமரி ஷீட், ஒரு ஜிப் டேக், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே. ஸ்ப்ரே கிடைக்காவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதேதான். காலிப்பரை, அதாவது டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேட் என்கிற உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் பகுதியை, கழற்றி மாட்டுவதாக இருந்தால் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் ஸ்பேனர்) வேண்டும். அது இல்லையென்றால் காலிப்பர் போல்ட்டைத் தொடாமல் கடைக்குப் போய்விடுவது நல்லது.

## முதலில் எந்தச் சக்கரம் என்று பாருங்கள்

முன்னால் கேட்கிற சத்தம் பின்னாலிருந்து வருவது சாதாரணம். காலியான சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போய் வலது லிவரை மட்டும் பிடியுங்கள். அப்புறம் இடது லிவரை மட்டும். சிபிஎஸ் (இரண்டு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இடது லிவரைப் பிடித்தால் முன் பிரேக்கும் சேர்ந்தே பிடிக்கும். அதனால் இரண்டு லிவரிலும் சத்தம் வந்தால் முன்பக்கம், இடதில் மட்டும் வந்தால் பின்பக்கம்.

லிவரைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை விட்டதும் மட்டும் ‘ஊய்ங்’ என்று ஒரு இழுப்புச் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ரீஜெனுக்காக மோட்டார் போடும் சத்தம். வண்டியை அணைத்துவிட்டு பத்தடி தள்ளிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பிரேக்கில் குறை தேட வேண்டாம். அணைத்துத் தள்ளும்போதும் அதே சத்தம் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

## அறிகுறி 1: பிடிக்கும்போது மட்டும் ‘கீச்’ என்று கத்துகிறது

### காலையில் மட்டும் கத்தி, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால்

டிஸ்க் மேல் ராத்திரி படிந்த ஈரம், அதனால் வந்த மெல்லிய துரு. ஏற்காட்டில் பனிமூட்டத்தில் வெளியே நிற்கிற வண்டி எல்லாமே இப்படித்தான். நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் துரு வழித்துக்கொண்டு போய்விடும். செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

### நாள் முழுக்கக் கத்தினால், முதலில் தூசி

மாமாங்கம், கருப்பூர் பக்கம் மேக்னசைட் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிற வண்டிகளைத் துடைத்தாலே துணி வெள்ளையாகிவிடும். பைப்பில் சாதாரணத் தண்ணீரை விட்டுக் காலிப்பர் இடுக்கைக் கழுவுங்கள். பிரஷர் கன்னைக் காலிப்பருக்கும் வீல் பேரிங்குக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம். கழுவியதும் மெதுவாக ஓட்டி, லேசாகப் பிடித்துப் பிடித்து ஈரத்தைப் போக்குங்கள். கத்தல் நின்றால் சரி.

### வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளிலிருந்து கத்தினால், எண்ணெய்

நான் பார்க்கிற கத்தல் கேஸ்களில் அதிகம் இதுதான். “சர்வீஸ் விட்டு எடுத்தேண்ணா, அன்னிலேர்ந்து கத்துது” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வண்டி பளபளக்கட்டும் என்று கழுவி முடித்ததும் டீசலோ பாலிஷ் ஸ்ப்ரேயோ அடிப்பது நம் ஊரில் வழக்கம். அதில் ஒரு துளி டிஸ்க்கில் பட்டால் போதும். கத்தலை நிறுத்துகிறேன் என்று வீட்டில் தேங்காயெண்ணெய் விட்டவர்களும் உண்டு. தயவுசெய்து அந்தக் காரியம் மட்டும் செய்யாதீர்கள். சத்தம் நின்றுவிடும், கூடவே பிரேக்கும் போய்விடும்.

டார்ச்சை டிஸ்க்கின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். நல்ல டிஸ்க் சாம்பல் நிறத்தில், நுண்ணிய வட்டக் கோடுகளோடு மங்கலாக இருக்கும். எண்ணெய் பட்ட டிஸ்க்கில் மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தியது போல வானவில் நிறம் தெரியும், அல்லது கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பனியன் துணியில் கிளீனர் ஊற்றி, இரண்டு பக்கமும் துணி கறுப்பாகாமல் வரும் வரை துடையுங்கள். ஒரு முறை துடைத்த துணியின் பக்கத்தைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. எடுத்த எண்ணெயை நீங்களே திரும்பப் பூசுகிறீர்கள் என்று ஆகிவிடும். துடைத்த பிறகு விரலால் தொடவும் கூடாது.

டிஸ்க்கைத் துடைத்தும் சத்தம் திரும்ப வந்தால் எண்ணெய் பேடுக்குள் இறங்கியிருக்கிறது. மேலோட்டமாகப் பட்டிருந்தால் பேடைக் கழற்றி, சமமான கண்ணாடி மேல் எமரி ஷீட்டை விரித்து, எட்டு போடுவது போலத் தேய்த்து மேல் படலத்தை எடுக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசியை ஊதவே கூடாது. பேட் நன்றாக ஊறிப்போயிருந்தால் அடுப்பில் வாட்டுவது, பெட்ரோலில் ஊறவைப்பது எல்லாம் வீண் வேலை. இரண்டு பேடையும் சேர்த்து மாற்றுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற விஷயத்துக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது முன்கூட்டியே “டிஸ்க் பக்கம் ஸ்ப்ரே அடிக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்பார்கள்.

### எண்ணெயும் இல்லை, தூசியும் இல்லை என்றால், பேட் வழவழத்துப்போயிருக்கிறது

ரீஜென் பலமாக உள்ள வண்டிகளின் தனிக் குறை இது. பேடுக்கு எப்போதும் லேசான வேலை மட்டுமே கிடைப்பதால் அதன் முகம் கண்ணாடி போல மினுங்க ஆரம்பிக்கும். மேலே சொன்னபடி எமரியில் தேய்த்து, டிஸ்க்கையும் எமரியால் லேசாக உரசித் துடைத்து, மறுபடி பதப்படுத்த வேண்டும்.

பதப்படுத்துவது இப்படி: விடியற்காலையில் காலியாக இருக்கிற நேரான சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை அழுத்தமாகப் பிடித்துக் குறையுங்கள். சக்கரம் லாக் ஆகக் கூடாது, வண்டி முழுசாக நிற்கவும் கூடாது. விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி. இருபது தடவை. ரீஜென் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் மிகக் குறைவில் வையுங்கள். இல்லையென்றால் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிய உடனே கிளம்புங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது ரீஜென் வேலை செய்யாது அல்லது மிகக் குறைவாகச் செய்யும் என்பதால் டிஸ்க்குக்கு முழு வேலை கிடைக்கும். புது பேட் போட்டாலும் இதையே செய்ய வேண்டும். கடையில் பேட் மாற்றி எடுத்து வந்து “புதுசு போட்டும் கத்துது” என்பவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள்.

### பேட் கழற்றும்போதே பாருங்கள்

இரண்டு பேடும் ஒரே தடிமனில் தேய்ந்திருக்கிறதா? ஒன்று நிறையவும் ஒன்று குறைவாகவும் தேய்ந்திருந்தால் காலிப்பர் சறுக்கி நகர்வதற்கான ‘பின்’ (சின்னக் கம்பி) ஜாம் ஆகியிருக்கிறது. பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் அங்கே இருக்கும் ரப்பரை உப்ப வைத்துவிடும். பேடுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடும் ஸ்பிரிங்கும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முன்பு பேட் மாற்றியவர் அதைப் போடாமல் விட்டிருந்தால் என்ன செய்தாலும் கத்தல் நிற்காது.

கடைக்குப் போக வேண்டியது: காலிப்பர் பின் சரியாக நகர்ந்தும் பேட் ஏற்றத்தாழ்வாகத் தேய்கிறது, அல்லது பிஸ்டன் உள்ளே தள்ளினால் நகரவே இல்லை. பிஸ்டன் சீல் வேலையை வீட்டில் செய்யக் கூடாது.

## அறிகுறி 2: பிடிக்காமலே ‘சர்... சர்...’ என்று உரசுகிறது

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். கையால் சுற்றுங்கள். சுற்று முழுவதும் ஒரே சீராக உரசுகிறதா, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் உரசுகிறதா?

சீராக உரசினால்: பேட் விலகவில்லை. லேசான உரசல், சக்கரம் சுலபமாக மூன்று நாலு சுற்று ஓடுகிறது என்றால் அது இயல்புதான். தள்ளியதும் நின்றுவிட்டால் காலிப்பர் பின் ஜாம், அல்லது பிஸ்டன் திரும்ப வரவில்லை. லிவர் பக்கம் ஏதாவது கவர், ஆர்னமென்ட் கிரிப் மாட்டியிருந்து லிவர் முழுசாக வெளியே வராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் உண்டு.

சுற்றுக்கு ஒரு தடவை உரசினால்: பஞ்சர் போட்டீர்களா என்று முதலில் யோசியுங்கள். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் தரையில் படும்படி சாய்த்துப் போட்டு, டயர் லிவரால் நெம்பினால் டிஸ்க் வளையும். திரும்ப மாட்டும்போது ஆக்ஸிலில் இருக்கும் காலர் இடம் மாறினாலும் டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்காது. பஞ்சர் கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டியதில்லை, டிஸ்க் மேலே இருக்கும்படி சக்கரத்தைப் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்றாலே போதும். வளைவை அளப்பது எப்படி என்று அறிகுறி 4-இல் பாருங்கள்.

எஸ்டேட் மண் ரோட்டில் போய் வந்த பிறகு திடீரென்று என்றால்: பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு சின்னக் கல். டார்ச் அடித்துப் பாருங்கள், வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளினால் பல நேரம் தானே விழுந்துவிடும்.

## அறிகுறி 3: ‘கரகர’ என்று இரும்போடு இரும்பு தேய்கிற சத்தம்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஓட்டாதீர்கள். பேட் தீர்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உராய்வுப் பொருள் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இருக்காது. பேடில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே வரும்போதே மாற்றியிருக்க வேண்டும். பேடில் தேய்மானக் கோடு இருந்தால் அதுதான் கணக்கு.

டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து, விளிம்பில் அல்ல, பேட் தேய்க்கிற இடத்தில் அளந்து பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கும் மாற்ற வேண்டும். லேத்தில் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே மெலிந்த டிஸ்க் இன்னும் மெலியும்.

பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் மேலே ஆயில் டப்பா வழியும். டாட் 4 ஆயில் பெயிண்ட்டை உரித்துவிடும், துணி சுற்றிக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன், லிவர் கெட்டியாகும் வரை பல தடவை அழுத்துங்கள். இதை மறந்தால் முதல் பிடியில் பிரேக்கே இருக்காது.

## அறிகுறி 4: பிடித்தால் ஹேண்டில் உதறுகிறது, லிவர் துடிக்கிறது

பலரும் இதைக் கேட்டதும் “டிஸ்க் பெண்டு, மாத்திடுங்க” என்று முடித்துவிடுகிறார்கள். டிஸ்க்கை மாற்றிய பிறகும் உதறினால் பணமும் போய், நம்பிக்கையும் போய்விடும். விலை குறைந்த காரணத்திலிருந்து வரிசையாக வாருங்கள்.

### உதறல் எங்கே தெரிகிறது?

லிவரில் விரலுக்கு அடியில் துடிப்பு, வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவாகிறது என்றால் டிஸ்க். லிவரில் ஒன்றுமில்லை, ஹேண்டில் மட்டும் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் டயர், கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்), வீல் பேரிங். ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் மணல் மேலோ ஈரத்திலோ அழுத்திப் பிடித்தால் மட்டும் லிவர் துடித்தால் அது குறையே அல்ல. ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது.

### 1. டயர்

காற்று எவ்வளவு இருக்கிறது? எங்காவது புடைத்திருக்கிறதா? சுற்றிவிட்டு, டயரின் ஓரக்கோடு ரிம்மோடு சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சருக்குப் பிறகு சரியாக உட்காராத டயர் நன்றாக உதறும்.

### 2. ஆக்ஸில், காலிப்பர், டிஸ்க் போல்ட்

ஆக்ஸில் நட், காலிப்பரை ஃபோர்க்கோடு பிடிக்கும் இரண்டு போல்ட், டிஸ்க்கை வீலோடு பிடிக்கும் போல்ட்டுகள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்குங்கள். டிஸ்க் போல்ட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும்; வரிசையாக முறுக்கினால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். கழற்றி மாட்டினால் போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பசை புதிதாக வைக்க வேண்டும்.

### 3. டிஸ்க் மேல் பேட் படிவு

ஏற்காடு இறங்கிய பிறகு உதற ஆரம்பித்த வண்டிகளில் முதலில் நான் தேடுவது இதைத்தான். நீண்ட இறக்கத்தில் கொதித்துப்போன டிஸ்க்கோடு வண்டியை நிறுத்தி, லிவரை இறுக்கிப் பிடித்தபடியே நின்றால், பேடின் பொருள் அந்த ஒரு இடத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். மே மாதம் கோடை விழா நேரத்தில் வண்டிகள் வரிசையில் நின்று நின்று இறங்கும்போது இது நிறைய நடக்கிறது.

பேடின் வடிவத்திலேயே ஒரு கறுப்புத் திட்டு டிஸ்க்கில் இருக்கும். சில நேரம் நேர் வெளிச்சத்தில் தெரியாது, தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். எமரி ஷீட்டால் இரண்டு பக்கமும் வட்டப் போக்கில் சீராகத் தேய்த்து, கிளீனரால் துடைத்து, மேலே சொன்னபடி பதப்படுத்துங்கள். எமரி ஷீட் செலவோடு உதறல் போய்விட்டால் டிஸ்க் வாங்க வேண்டாம்.

### 4. டிஸ்க் உண்மையிலேயே வளைந்திருக்கிறதா?

ஜிப் டேக்கை ஃபோர்க்கில் கட்டி, அதன் வால் டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நறுக்குங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஓரிடத்தில் அகன்று, எதிர்ப்பக்கம் நெருங்கினால் வளைவு இருக்கிறது. பல ஸ்கூட்டர்களுக்கு 0.3 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் அந்த இடைவெளியில் விட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: வீல் பேரிங் ஆடினாலும் டிஸ்க் வளைந்தது போலவே காட்டும். டயரை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, ‘லொடக்’ என்று ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அளவெடுங்கள்.

வளைந்த டிஸ்க்கைச் சுத்தியால் தட்டி நேராக்கக் கூடாது. மாற்ற வேண்டும், புது டிஸ்க்குக்குப் புது பேட்.

### 5. கோன்செட்

முன்சக்கரத்தைத் தூக்கிய நிலையில் ஃபோர்க்கின் கீழ் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஆட்டம் இருந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. அப்புறம் ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேர் நிலையில் வந்து ‘டக்’ என்று உட்கார்ந்துகொண்டால் உள்ளே குழி விழுந்திருக்கிறது. தளர்ந்ததை முறுக்கலாம். குழி விழுந்ததை மாற்றத்தான் வேண்டும், அது கடை வேலை.

### 6. லிவரைப் பிடித்தும் மோட்டார் தள்ளினால்

லிவரைப் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் கரண்ட் துண்டிக்கப்பட வேண்டும். அந்தச் சின்ன சுவிட்ச் கெட்டால், ஆக்சிலரேட்டரை முழுசாக விடாமல் பிரேக் பிடிக்கிறவர்களுக்கு ஒருபக்கம் மோட்டார் தள்ளும், இன்னொரு பக்கம் டிஸ்க் இழுக்கும், வண்டி குலுங்கும். பிரேக் லைட் எரிகிறதா என்று இரண்டு லிவரையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் எரியவில்லை என்றால் சந்தேகம் உறுதி. சுவிட்ச் விலை குறைவு. ஆனால் வயரிங்கில் கை வைப்பதைச் சர்வீஸ் சென்டரிடம் விடுங்கள், வாரண்டி இருக்கும் வண்டி என்றால் கட்டாயம் அங்கேதான்.

கடைக்குப் போக வேண்டியது: இத்தனையும் பார்த்தும் உதறல் நிற்கவில்லை, அல்லது வண்டி எங்காவது மோதியிருக்கிறது. ஃபோர்க் வளைந்திருக்கலாம், ரிம் கோணியிருக்கலாம்.

## அறிகுறி 5: பிடிக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’

நின்ற நிலையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் காலிப்பர் மேல் ஒரு விரல், கோன்செட் இடத்தில் ஒரு விரல் வைத்துப் பார்க்கட்டும். எங்கே தட்டுகிறதோ அங்கே விரலுக்குத் தெரிந்துவிடும். காலிப்பரில் என்றால் போல்ட், அல்லது பேட் பின்னும் அதன் ஸ்பிரிங்கும். பேட் காலிப்பருக்குள் ஒரு மயிரிழை நகர்வது இயல்பு. போல்ட் தளர்வு என்றால் அன்றே முறுக்கியாக வேண்டும், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

## அறிகுறி 6: பின்சக்கரத்தில் முனகல்

பின்னால் டிரம் உள்ள வண்டிகளில் லைனிங் தூசி சேர்ந்து முனகும். டிரம்மைக் கழற்றித் துடைத்தால் போகும். ஆனால் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற வண்டி என்றால் சக்கரத்தைக் கழற்றுவது வயரையும் சேர்த்துக் கழற்றும் வேலை, வீட்டில் வேண்டாம். பிடிக்காதபோதும் முனகினால் மோட்டார் பேரிங்காக இருக்கலாம். அதுவும் சர்வீஸ் சென்டர் வேலைதான்.

## அறிகுறி 7: ஏற்காடு இறங்கும்போது தீய்ந்த வாடை, சத்தம், லிவர் உள்ளே போகிறது

இதுவரை சொன்னதெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். இதை அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் அதற்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. இரண்டு பேர் ஏறிய ஸ்கூட்டர் அவ்வளவு இறங்குவதற்குக் கிட்டத்தட்ட முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது கழிக்க வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ரீஜென் கொஞ்சம் பேட்டரிக்குத் திருப்பும், மீதி முழுக்க பிரேக்கில் சூடாகிறது. ரீஜெனே இல்லாத வண்டி என்றால் அந்தப் பங்கும் பிரேக்குக்குத்தான்.

சத்தம் மட்டும் வருகிறது, லிவர் கெட்டியாக இருக்கிறது: அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள், லிவரை விடுங்கள். டிஸ்க் ஆற அரை மணி நேரம் கொடுங்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். சிவக்கச் சுட்ட டிஸ்க் வளைவதற்கு அதுவே போதும்.

லிவர் மெத்மெத்தென்று உள்ளே போகிறது: பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட ஆரம்பித்திருக்கிறது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். நாள்பட ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். லிவரை வேகமாகப் பல தடவை அழுத்தினால் கொஞ்சம் பிடிப்பு திரும்பக் கிடைக்கும். அதை வைத்துப் பின் பிரேக்கோடு சேர்த்து மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள். ஆறியதும் லிவர் கெட்டியாகிவிட்டது என்று நம்பி மீதி வளைவுகளை இறங்காதீர்கள். ஒரு குட்டியானையை (சின்ன லோடு வண்டி) கூப்பிட்டு ஏற்றிக் கீழே கொண்டுவாருங்கள்.

இந்த நிலைக்கு வராமல் இருக்க, மேலே கிளம்பும்போதே செய்ய வேண்டியவை உண்டு. ஏற்காட்டில் தங்கி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்கு ரீஜெனை வாங்க இடமில்லை. எண்பதோடு நிறுத்திவிட்டால் இறக்கம் முழுக்க மோட்டார் கை கொடுக்கும். ரீஜென் அளவை மாற்ற முடிந்தால் அதிகத்தில் வையுங்கள். சார்ஜ் மிச்சமாகும் என்று சாவியை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ரீஜென் போய்விடும், ஹேண்டில் லாக் விழும் அபாயமும் உண்டு.

லிவரைத் தொட்டபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன்னால் நேர்ப் பாதையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். பாதி வழியில் ஒரு தடவை நின்று டீ குடித்துவிட்டு வந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

அடிவாரம் வந்த பிறகு, டிஸ்க் ஆறியதும், நிறத்தைப் பாருங்கள். நீலம் பூத்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது; வளைவையும் பேடையும் மேலே சொன்னபடி சரிபாருங்கள். லிவர் ஒருமுறை மெத்தென்று போயிருந்தால், இப்போது கெட்டியாக இருந்தாலும், பிரேக் ஆயிலை முழுசாக மாற்றி ஏர் எடுக்கச் சொல்லுங்கள். மலைக்குப் போகாத வண்டிக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். கடையில் ஏற்கெனவே திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். கண் முன்னால் சீல் உடைத்த புது டப்பா வேண்டும் என்று கேளுங்கள்.